ஓங்-பாக்: சிடியில் பார்த்த அக்காவை இப்போது காணோமே, ஏன்?

அப்பளக்கார வீடு, கல்லிடைக்குறிச்சி

வணக்கம். பழைய சண்டைப் படங்களை விவரமாகப் பார்த்தவர்கள் யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான்.

படம் ‘ஓங்-பாக்’. தாய்லாந்து படம், டோனி ஜா நடித்தது. நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது சித்தப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்து சிடியாக வாங்கிக்கொண்டு வந்தார். தமிழில் பேசும். மொத்தம் இரண்டு சிடி. அது ஐப்பசி அடைமழை. மாடியில் அப்பளம் காயப்போட முடியாத நாட்களில்தான் எங்கள் வீட்டில் பகலில் டிவி ஓடும். அம்மா, ஆச்சி, அப்பளம் இட வரும் இரண்டு மதினிமார், நான், தம்பி என்று எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிராமத்துக் கோயிலில் ஓங்-பாக் என்ற புத்தர் சிலை. டான் என்கிற ஆள் ராத்திரியில் வந்து தலையை மட்டும் அறுத்துக்கொண்டு பாங்காக் போய்விடுகிறான். சாமிக்குத் தலை இல்லாத ஊர் எப்படி இருக்கும்? அந்த ஊரே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. துறவியாகப் போக இருந்த டிங் என்ற பையன், தலையைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று கிளம்புகிறான். ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அந்த இடத்தில் ஆச்சி சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “நம்ம நடராசரத் தூக்கிட்டுப் போன மாதிரில்லா இருக்கு.”

எங்கள் ஊர் குலசேகரமுடையார் கோயில் சங்கதி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். 1982-இல் கோயிலை உடைத்து நடராஜர், சிவகாமி, மாணிக்கவாசகர் என்று ஐம்பொன் சிலைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது அம்மா கல்யாணமாகி வரவில்லை. ஆச்சி இருந்தாள். மறுநாள் காலையில் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று சொல்வாள். நாங்கள் அந்தச் சிடியைப் பார்த்த வருஷத்தில் நடராஜர் எங்கே இருக்கிறார் என்றே ஊரில் யாருக்கும் தெரியாது. சண்டைப் படம் பார்க்க உட்கார்ந்த ஆச்சி அழுதுகொண்டே பார்த்தாள். சண்டை வந்தபோதுகூட எழுந்து போகவில்லை.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன்.

போன வாரம் தம்பி சென்னையில் இருந்து வந்தவன், அதே படத்தை லேப்டாப்பில் போட்டான். அம்மா ஆசையாக வந்து உட்கார்ந்தாள். முக்கால்வாசிப் படம் ஓடியதும், “அந்தப் பிள்ளையோட அக்காகாரி எங்கலே?” என்று கேட்டாள். டிங்குக்குத் துணையாக வரும் முயே லெக் என்ற பெண்ணுக்கு ஓர் அக்கா உண்டு என்றும், அவள் போதைப் பழக்கத்தில் விழுந்து அந்த டானிடமே கிடப்பாள் என்றும், தங்கச்சி எவ்வளவு கூப்பிட்டும் அவளால் அவனை விட்டு வர முடியவில்லை என்றும் அம்மா சொல்கிறாள். எனக்கும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது. தம்பி, “நீங்க ரெண்டு பேரும் வேற படத்தோட குழப்பிட்டீங்க” என்று அடித்துச் சொல்கிறான். அம்மா குழப்புகிற ஆள் கிடையாது. எந்த வியாபாரி எந்த மாதம் எத்தனை கட்டு எடுத்தார் என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்லுவாள்.

இன்னும் இரண்டு சந்தேகம் உண்டு. நாங்கள் பார்த்ததில் பாட்டும் பின்னணி இசையும் வேறு மாதிரி இருந்தன. இப்போது பார்த்ததில் அமெரிக்கக்காரர்கள் ராப் பேசுகிற மாதிரி இசை போகிறது. கடைசிச் சண்டையும் சட்டென்று முடிந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் இரண்டாவது சிடி அந்தக் குகைச் சண்டையில் வந்து கட்டம் கட்டமாக நின்றுபோனது. எவ்வளவு துடைத்துப் போட்டும் நகரவில்லை. அதனால் முடிவை நாங்கள் பார்க்கவே இல்லை. ஆனால் நின்றதற்கு முன்னாலேயே அந்தச் சண்டை ரொம்ப நேரம் ஓடியதாக ஞாபகம்.

அக்கா வருகிற படம் உண்மையில் இருக்கிறதா? இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும்.

மேலப்பாளையம்வாசி

தம்பி, அதே டோனி ஜா இரண்டு வருஷம் கழித்து, 2005-இல், ‘டாம்-யம்-கூங்’ என்று ஒரு படத்தில் நடித்தார். அதில் சாமி சிலைக்குப் பதிலாக யானையைத் திருடிக்கொண்டு ஆஸ்திரேலியா போய்விடுவார்கள். ஒருவேளை இரண்டையும் சேர்த்துக் குழப்பியிருப்பீர்களோ? நான் பார்த்த ஓங்-பாக்கிலும் அக்கா என்று யாரும் வந்ததாக நினைவில்லை.

பழைய ஆபரேட்டர், அம்பாசமுத்திரம்

அம்மா சொன்னதுதான் சரி. உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அந்த அக்காவின் பெயர் நெக். அவள் இருக்கிற படமும் உண்டு, அவளை வெட்டி எடுத்த படமும் உண்டு. மேலப்பாளையம் அண்ணாச்சி பார்த்தது வெட்டிய படம்.

நான் 31 வருஷம் இந்தப் பக்கத்துத் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சி எரித்த காலத்தில் சேர்ந்தேன். ஃபிலிம் பெட்டி வருவது நின்று கம்ப்யூட்டர் வந்ததும் வெளியே வந்தேன். ஒரே படம் ஊருக்கு ஒரு விதமாக ஓடுவது எனக்குப் புதிய விஷயம் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் படம்.

ஓங்-பாக் தாய்லாந்தில் வெளிவந்தது 2003 தொடக்கத்தில். டைரக்டர் பிரச்யா பிங்கேவ். சண்டை அமைத்தவர் பன்னா ரிட்டிக்ராய். இந்தப் பன்னாதான் டோனி ஜாவுக்கு வாத்தியார். ஜாவின் உண்மைப் பெயர் பனோம் யீரும். சுரின் மாகாணத்தில் யானை வளர்க்கிற குடும்பத்தில் 1976-இல் பிறந்தவர். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் திரை கட்டிப் போடுகிற படங்களில் புரூஸ் லீயையும் ஜாக்கி சானையும் பார்த்து, அதே மாதிரி செய்து பழகியவர். நம் ஊர்க் கொடைக்கு 16 எம்.எம். புரொஜெக்டர் கொண்டுபோய்ப் படம் போட்டிருக்கிறேன். முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் படம் முடிந்ததும் அங்கேயே உருண்டு புரண்டு சண்டை போடுவார்கள். அப்படி ஒரு பையன்தான் இவரும். பதினைந்து வயதில் பன்னாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் பல வருஷம் மற்ற நடிகர்களுக்கு டூப் போட்டும் கீழே விழுந்தும்தான் சம்பாதித்தார். ஓங்-பாக்தான் அவர் கதாநாயகனாக உலகத்துக்குத் தெரிந்த முதல் படம்.

கம்பி கட்டித் தூக்கவில்லை, கம்ப்யூட்டரில் ஒட்டவில்லை, டூப் கிடையாது என்று சொல்லித்தான் இந்தப் படத்தை விற்றார்கள். அந்த வருஷமே டொராண்டோ திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சியில் போட்டார்கள். இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். படத்தில் துரத்தல் நடக்கும்போது பின்னால் சுவரையும் தூணையும் கவனித்துப் பாருங்கள். ஓர் இடத்தில் ஸ்பீல்பெர்க் பெயரைப் போட்டு, சேர்ந்து படம் செய்வோம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இன்னோர் இடத்தில் லூக் பெசோன் பெயரைப் போட்டு, உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கும். படம் எடுக்கும்போதே சுவரில் எழுதி அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள். ஸ்பீல்பெர்க் வரவில்லை. பிரான்ஸ்காரர் பெசோன் வந்தார். அவருடைய யூரோப்பாகார்ப் கம்பெனி, ஆசியாவுக்கு வெளியே விற்கிற உரிமையை வாங்கிக்கொண்டது.

வாங்கியவர்கள் படத்தைத் திரும்ப எடிட் செய்தார்கள். நெக் வருகிற கதையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். கடைசியில் டிங்கும் வில்லனின் அடியாள் சாமிங்கும் மோதுகிற சண்டையைக் குறைத்தார்கள். தாய்லாந்து ராக் இசையை எடுத்துவிட்டு ஹிப்-ஹாப் போட்டார்கள். அமெரிக்காவில் 2005 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்ததும், மேல்நாடுகளில் பெரும்பாலும் ஓடியதும் இந்த வெட்டுதான். உங்கள் தம்பி லேப்டாப்பில் போட்டதும் இதுதான். நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் அப்படியே பொருந்துகிறது.

உங்கள் பழைய சிடி ஆசியப் பக்கத்துப் பிரதியில் இருந்து வந்திருக்க வேண்டும். பெசோன் வாங்கிய உரிமை இந்தப் பக்கம் செல்லாது அல்லவா? அதனால்தான் கல்லிடைக்குறிச்சிக் கூடத்தில் அக்கா இருந்தாள், நியூயார்க்கில் இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இங்கிலாந்து டிவிடி. அதில் இசையை மறுபடியும் மாற்றி வாத்தியக் குழு இசை சேர்த்தார்கள். ஆனால் கதையில் கை வைக்கவில்லை. நெக் முழுதாக இருக்கிறாள். என் மாப்பிள்ளை லண்டனில் இருந்து வந்தபோது எனக்கு அதைத்தான் வாங்கிவந்தார். அமெரிக்க டிஸ்க்கும் ஒருவரிடம் வாங்கி, இரண்டையும் மாறி மாறிப் போட்டு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் தேடும்போது ஒரு சின்னச் சோதனை போதும். நெக் வருகிறாளா என்று பாருங்கள். வந்தால் முழுப் படம். வராமல் பின்னணியில் ராப் ஓடினால் பிரான்ஸ் வெட்டு.

ஏன் வெட்டினார்கள் என்றால், அடி பார்க்க வந்தவனுக்கு அடியைக் கொடு, குடும்பக் கதை ஓட்டத்தைத் தடுக்கும் என்ற கணக்குத்தான். அந்தக் கணக்கு வியாபாரத்தில் பலித்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பெசோன் கை போடாவிட்டால் டோனி ஜா பெயர் இவ்வளவு தூரம் போயிருக்காது. ஆனால் நெக் இல்லாமல் போனதும் டான் வெறும் சிலைத் திருடன் ஆகிவிடுகிறான். சாமி தலையை அறுக்கிற கையும் ஒரு வீட்டுப் பெண்ணைச் சீரழிக்கிற கையும் ஒரே கை என்பது முழுப் படத்தில்தான் தெரியும். உங்கள் அம்மா ஞாபகம் வைத்திருப்பது அதனால்தான்.

இப்போது என் கதை. எங்கள் தியேட்டரில் இரண்டாம் ஆட்டம் நீண்டுவிட்டால் கடைசி பஸ் போய்விடும். பஸ் போனால் கிராமத்துக் கூட்டம் மறுநாள் வராது. மேனேஜர் மேலே வந்து, “ஒரு பத்து நிமிஷம் எடுத்துரு” என்பார். பாட்டாக இருந்தால் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு தடவை ஒரு தமிழ்ப் படத்தில் தாயும் மகனும் பேசுகிற காட்சியை எடுக்கச் சொன்னார். ஃபிரேம் கோட்டில் பிளேடை வைத்து வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டுக்கட்டையில் சேர்த்து டேப் போட்டு ஒட்டினேன். எடுத்த துண்டைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். பெட்டி ஊரை விட்டுப் போகும்போது திரும்ப ஒட்டி அனுப்ப வேண்டும். அன்றைக்கு அடுத்த ஊர்க்காரர் அவசரப்படுத்தியதில் மறந்துவிட்டேன். பெட்டி போய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பிரிண்ட் போன ஊரில் எல்லாம் அந்தத் தாயும் மகனும் பேசாமலே பிரிந்தார்கள். அந்தச் சுருள் இன்றும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஓரம் சுருங்கி, நிறம் சிவந்துபோய்விட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

அதனால் தம்பி, அக்காவைத் தேடுகிற உங்கள் அம்மாவுக்கு என் டிவிடியைத் தருகிறேன். ஆற்றைத் தாண்டினால் என் வீடு. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறவள், பாளையங்கோட்டை

ஆபரேட்டர் ஐயா எழுதியதைக் காலையில் மைதானத்தில் வைத்து என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் முதலில் பார்த்ததே அந்த ஹிப்-ஹாப் வெட்டுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான், விட்டுப்போன சிலம்பத்துக்குத் திரும்ப வந்தேன். அதை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனசு வராது.

இந்தப் படத்தில் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது கால். ஒரு பெரிய தாவல் வந்தால் அதை இரண்டு மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். பாங்காக் சந்துக்குள் துரத்தல் வருகிறதே, அதில் முள்கம்பி வளையத்துக்குள் உடம்பைக் குறுக்கிப் பாய்வதும், ஆட்களின் தோள்மேல் கால்வைத்து ஓடுவதும், வண்டிக்கு அடியில் கால் இரண்டையும் விரித்துச் சறுக்குவதும் இருக்கும். முதல் தடவை பார்க்கும்போது பிரமிப்பு. இரண்டாவது தடவை, தாவுவதற்கு முன் எந்தக் காலில் எடை இருக்கிறது என்று பார்க்கலாம். நான் அங்கே நிறுத்தி, “சுவடு எங்க இருக்கு, சொல்லு” என்று கேட்பேன். சுவடு என்றால் சிலம்பத்தில் காலடி வைப்பு. சுவடு தப்பினால் கம்பு என்ன, கை என்ன, எதுவும் வராது என்று என் ஆசான் சொல்வார். அதைப் பிள்ளைகள் என் வாயால் கேட்டபோது நம்பவில்லை. அந்தத் தாவலைப் பார்த்து நம்பினார்கள்.

குத்துச்சண்டை மேடையில் இன்று பார்க்கிற மாதிரி கையுறை போட்ட முவாய் தாய் என்ற தாய்லாந்துச் சண்டை வேறு, இதில் வருகிற முவாய் போரான் வேறு. போரான் என்றால் பழையது. முழங்காலும் முழங்கையும்தான் அதில் பேசும். அடிகளுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர்களைக் கேளுங்கள். இரண்டு முஷ்டியையும் சேர்த்துக் கீழிருந்து தாடைக்கு ஏற்றுகிற அடிக்கு, அனுமன் கணையாழி கொடுப்பது என்று பெயர். ஐராவதம் தந்தத்தைத் தூக்குவது என்று ஒன்று. முதலை வால் வீசுவது என்று ஒன்று. ராமாயணத்தை ராமகியென் என்று தங்கள் காவியமாகவே வைத்திருக்கிறவர்கள் அவர்கள். அசோகவனத்தில் சீதையிடம் மோதிரத்தை நீட்டுகிற இரண்டு கையையும் ஓர் அடியாக மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோதாவில் இறங்குமுன் அவர்கள் வாய் க்ரூ என்று குருவை வணங்கி ஆடுவார்கள். க்ரூ என்பது குருதான். சிலம்பத்தில் நாம் முதலில் வணங்கிச் சலாவரிசை போடுகிற மாதிரி. இந்தப் படத்து டிங்குக்கும், வித்தையைச் சொல்லிக்கொடுத்த துறவி, இதைச் சண்டைக்குப் பயன்படுத்தாதே என்றுதான் சொல்லி அனுப்புகிறார். அதனால்தான் அவன் முதலில் அடிக்காமல் விலகிப் போகிறான். கடைசிச் சண்டையைக் குறைத்ததில் எனக்கும் கோபம் உண்டு. அவ்வளவு நேரம் அடக்கி வைத்தவன் வெடிக்கிற இடம் அது.

இன்னொன்று. இது படத்தைச் சேர்ந்தது இல்லை, ஆனால் கல்லிடைக்குறிச்சி அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நாம் மார்கழியில் பாடுகிற திருவெம்பாவையை பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் திரியம்பவாய் என்ற விழாவில் வழிவழியாக ஓதி வருகிறார்கள். உச்சரிப்பு மாறிப்போயிருக்கும். பாட்டு மாணிக்கவாசகருடையதுதான்.

மேலப்பாளையம்வாசி

அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் தம்பி. என் பேச்சு தவறு.

ஆபரேட்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி. டாம்-யம்-கூங் படத்தையும் இப்படி வெட்டினார்களா? அதில் ஒரு ஹோட்டலுக்குள் டோனி ஜா மாடி மாடியாக ஏறிக்கொண்டே அடிப்பார். கேமரா நிற்காமல் பின்னாலேயே போகும். அதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. என் வாப்பாவுக்கு அந்தப் படத்தில் யானைதான் உயிர். “என் யானை எங்கே” என்று அவன் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு கதவாக உடைப்பான் இல்லையா, அப்போது வாப்பா கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானை இறந்த அன்று, டவுனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி சாப்பிடவில்லை. சின்னப் பிள்ளையில் இருந்து ரதவீதியில் பார்த்த யானை.

பழைய ஆபரேட்டர், அம்பாசமுத்திரம்

வெட்டினார்கள் அண்ணாச்சி. இன்னும் அதிகமாகவே வெட்டினார்கள். அமெரிக்காவில் 2006-இல் ‘த புரொடக்டர்’ என்று பெயர் மாற்றி வெளியிட்டபோது கிட்டத்தட்ட 25 நிமிஷம் போய்விட்டது. இசையையும் ஆர்.இசட்.ஏ. என்ற ராப் கலைஞரை வைத்து மாற்றினார்கள். இங்கிலாந்தில் அதே படத்துக்கு ‘வாரியர் கிங்’ என்று பெயர். கடையில் மூன்று பெயரையும் பார்த்து மூன்று படம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் சொல்கிற மாடிப்படி ஷாட் ஏறக்குறைய நாலு நிமிஷம். அதன் நீளத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. உடம்பில் கட்டிக்கொண்டு நடக்கிற கேமராவில் 400 அடி ஃபிலிம்தான் போடுவார்கள். 35 எம்.எம். ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். வகுத்துப் பாருங்கள், நாலரை நிமிஷம்கூட வராது. அதாவது சுருள் தீரப்போகிற விளிம்புவரை ஒரே மூச்சில் அடித்திருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் ஒருவன் கால் தவறினாலும் முழுச் சுருளும் போச்சு, கீழே இருந்து மறுபடி தொடங்க வேண்டும். உடைத்த கதவையும் சாமானையும் எல்லாம் திரும்ப அடுக்க வேண்டும். அந்த ஷாட்டில் கடைசியில் டோனி ஜாவுக்கு மூச்சு வாங்குவது நடிப்பு இல்லை. இதற்குப் பின்னால் இருந்த பன்னா வாத்தியார் 2014-இல் இறந்துபோனார். 53 வயதுதான்.

அப்பளக்கார வீடு, கல்லிடைக்குறிச்சி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி படத்தைப் பார்த்து முடித்தோம்.

முந்தாநாள் சாயங்காலம் பாலத்தைத் தாண்டிப் போய் ஐயா வீட்டில் டிவிடியை வாங்கிவந்தேன். நோட்டையும் காட்டினார். இடது பக்கம் லண்டன், வலது பக்கம் அமெரிக்கா என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். வலது பக்கத்தில் நெக் என்ற இடம் எல்லாம் வெறும் சுழியம். அந்தச் சிவந்த ஃபிலிம் சுருளையும் ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினார். தாயின் முகம் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் மாறியதே தெரியவில்லை, அவ்வளவு மெல்லத் திரும்புகிறது.

படத்தில் தமிழ் இல்லை. நானும் தம்பியும் ஆளுக்குக் கொஞ்சமாக ஆங்கில எழுத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தோம். நெக் வந்ததும் அம்மா, “இவதான்” என்றாள். தம்பி பக்கம் திரும்பவே இல்லை. அவனும் அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. நெக்குக்கு நேரும் கதியைப் பார்த்தபோது படிப்பதை நிறுத்திவிட்டோம். படித்துச் சொல்ல வேண்டி இருக்கவில்லை.

டுக்-டுக் வண்டிகள் துரத்திப் போய்க் கடைசியில் தண்ணீருக்குள் விழுகிற இடம் ஒன்று உண்டு. டிங் தண்ணீருக்கு அடியில் கண் திறந்து பார்க்கும்போது, திருடிக் கொண்டுவந்து ஒளித்து வைத்த புத்தர் சிலைகள் வரிசையாகக் கிடக்கும். சின்ன வயதில் எனக்கு அது வெறும் சாகசக் காட்சி. நேற்று அம்மா அங்கே நிறுத்தச் சொன்னாள். எழுந்து கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “எந்த ஊர்ச் சாமியோ” என்றாள்.

எங்கள் நடராஜர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் இருந்தார் என்று தெரியவந்து, 2019-இல் திரும்பி வந்தார். 37 வருஷம். ஊருக்கு வந்த அன்று தெருவில் நெரிசல். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆச்சி அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே போய்விட்டாள். அன்றைக்கு அம்மா சாமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாய்விட்டுச் சொன்னது, “அத்தே, வந்துட்டாவ” என்பதுதான்.

முடிவை நேற்றுதான் முதல்முதலாகப் பார்த்தோம். ஓங்-பாக்கின் தலை ஊருக்குத் திரும்புகிறது. டிங் தலையை மழித்துத் துறவியாக யானைமேல் வருகிறான். ஆனால் அவனோடு ஊருக்கு வந்திருக்க வேண்டிய ஹம்லே, பாங்காக் போய் ஜார்ஜ் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஊர்ப்பணத்தையே சூதாட்டத்தில் விட்டவன், அந்தக் குகையிலேயே சாமி தலைக்குக் கீழே உயிரை விட்டுவிட்டான். அம்மாவுக்கு அவன்மேல்தான் பாவமாக இருந்தது. “அவன் கெட்டவன் இல்ல, ஊர மறந்தவன்” என்று இரண்டு தடவை சொன்னாள்.

சிலம்ப அக்கா சொன்ன திருவெம்பாவைச் செய்தியைப் படம் முடிந்ததும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “மாணிக்கவாசகரையும்லா அன்னைக்குத் தூக்கிட்டுப் போனாவ” என்றாள். விளக்கை அணைக்கும்போது ‘ஆதியும் அந்தமும் இல்லா’ என்று மெதுவாகப் பாடிக்கொண்டே போனாள். மார்கழி வர இன்னும் நாள் இருக்கிறது.

ஆபரேட்டர் ஐயா, டிவிடியை ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து தருகிறேன். அம்மாவும் வருகிறாளாம், அந்தச் சுருளைப் பார்க்க வேண்டுமாம். மிளகு போட்ட உளுந்து அப்பளம் இரண்டு கட்டு உங்களுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள்.